மசக்கையும் சாக்லேட்டும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

கருவுற்ற பெண் ஆசைப்பட்டுக் கேட்பதை மறுக்கக் கூடாது என்பது நம் நாட்டு வழக்கு. மசக்கை என்று நாம் இன்று சொல்வதைச் சங்க காலத்தார் வயா என்றும் வயவு என்றும் சொன்னார்கள். குறுந்தொகையின் 287-ஆம் பாடலில் நீர் சுமந்து வரும் மேகத்துக்கு உவமையாக வருபவர்கள், பச்சைப் புளிக்கு ஆசைப்படும் நிறைமாதப் பெண்கள். புறநானூற்றின் 20-ஆம் பாடலில் குறுங்கோழியூர்கிழார் ஒரு சேர மன்னனைப் புகழும்போது, அவன் நாட்டு மண்ணைப் பகைவர் கொள்ள முடியாது, வயவுற்ற மகளிர் விரும்பி உண்டால்தான் உண்டு என்று சொல்கிறார். மன்னனின் வீரத்தைச் சொல்ல வந்த புலவர், கர்ப்பிணிகள் மண் தின்னும் வழக்கத்தையும் போகிற போக்கில் பதிவு செய்துவிட்டார். தமிழ்த்துறையினர் இதில் நயம் காண்பார்கள். வேதியியல் மாணவியாகிய எனக்கு அதில் இரும்பு தெரிகிறது. மண், சாம்பல், சாக்பீஸ் போன்ற உணவல்லாத பொருள்களின் மேல் எழும் வேட்கைக்கும் உடலில் இரும்புச்சத்துக் குறைவதற்கும் தொடர்பு உண்டு என்பது இன்றைய மருத்துவம் கண்ட செய்தி. அது மட்டுமன்று, தின்ற மண்ணில் உள்ள களி, உணவிலிருக்கும் இரும்பைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடும். குறையினால் எழுந்த ஆசை, அந்தக் குறையையே பெருக்கிவிடுகிறது.

எங்கள் நெய்வேலியில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு லீகோ அடுப்பு எரிந்தது. பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த கரிக்கட்டி அது. எங்கள் ஆயா வாயும் வயிறுமாக இருந்தபோது, அந்த அடுப்புச் சாம்பலின் மேல் கண் போகாமலிருக்க, அவருடைய மாமியார் காலையிலேயே சாம்பலை அள்ளிக் கொட்டிவிடுவாராம். இன்று லீகோ இல்லை. டவுன்ஷிப்பின் மசக்கையும் மாறிவிட்டது. மாங்காயும் விளாங்காயும் இருந்த இடத்தில் இப்போது டார்க் சாக்லேட் எனப்படும் கறுப்புச் சாக்லேட் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை வாங்கித் தருபவர்கள் வெறும் ஆசைக்காக வாங்கித் தருவதில்லை. "இதுல இரும்புச்சத்து இருக்கு, ரத்தம் ஊறும்" என்று சொல்லித் தருகிறார்கள். இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு உண்மை என்று ஆராய்வதே இக்கட்டுரை.

ஆராய்ச்சிக்குக் காரணம் என் அக்கா. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் நெய்வேலிக்கு வந்தாள். வந்த வாரம் எடுத்த சோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் குறையக் கூடாது. 10-க்குக் கீழே போனால் நடுத்தரச் சோகை. 7-க்குக் கீழே போனால் கடுஞ்சோகை. அரசு கொடுத்த இரும்பு மாத்திரைகள் அவள் பையில் பிரிக்கப்படாமலே இருந்தன. குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்த பயம் ஆகியவை அவள் சொன்ன காரணங்கள். மாத்திரைக்குப் பதிலாக, மாமா வாரந்தோறும் வாங்கி அனுப்பிய கறுப்புச் சாக்லேட்டை நாளுக்கு நான்கைந்து துண்டு தின்று வந்தாள். "ரெண்டும் கசப்புதான்டீ. இந்தக் கசப்பு நாக்குல நிக்குது, அந்தக் கசப்பு வயித்தைப் புரட்டுது. ரெண்டுலயும் இரும்பு இருக்குன்னா எதைத் தின்னா என்ன?" என்றாள். கேள்வி நியாயமானது. இதற்கு விடை சொல்ல முடியாவிட்டால் மூன்றாண்டு வேதியியல் படித்ததன் பயன்தான் என்ன?

கொக்கோவும் அதன் உள்ளிருப்பும்

கொக்கோ மரம் தென்னமெரிக்கக் காட்டு மரம். 1753-இல் லின்னேயஸ் அதற்குத் 'தியோப்ரோமா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் தேவருணவு என்று பொருள். கொக்கோவில் உள்ள முக்கியமான காரப்பொருளுக்குத் தியோப்ரோமின் என்ற பெயர் இதிலிருந்து வந்தது. நம் வகுப்பில் ஒரு தோழி அதன் வாய்பாட்டில் புரோமினைத் தேடிக் களைத்துப் போனாள். அதில் புரோமின் இல்லை. உணவு என்ற சொல்லிலிருந்து வந்தது இது. நாற்றம் என்ற சொல்லிலிருந்து வந்தது அந்தத் தனிமத்தின் பெயர். காப்பியிலுள்ள காஃபீனுக்குத் தியோப்ரோமின் தங்கை முறை எனலாம். காஃபீனில் மூன்று மெத்தில் தொகுதிகள், இதில் இரண்டு. அந்த ஒன்று குறைந்ததால் நரம்பைத் தூண்டும் வேகமும் குறைகிறது.

தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக வளர்கிறது. காயை உடைத்து விதைகளை நொதிக்க வைத்து, உலர்த்தி, வறுத்து அரைத்தால் கொக்கோக் கூழ் கிடைக்கும். அதில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அந்தக் கொழுப்பு 34 பாகை வெப்பத்திற்குள் உருகிவிடுவதால்தான் சாக்லேட் வாயில் கரைகிறது. கத்திரி வெயிலில் நெய்வேலிக் கடைகளில் அது வாங்குமுன்பே கரைவதற்கும் அதுவே காரணம். உருகி மீண்டும் இறுகிய சாக்லேட்டின் மேல் வெண்மையாகப் படர்வது பூஞ்சை அன்று. மேலே வந்து படிந்த கொழுப்புதான். அதைக் கண்டு எங்கள் அம்மா ஒரு முழுக் கட்டியைக் குப்பையில் போட்டார். மாமா கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எழுபது முதல் எண்பத்தைந்து விழுக்காடு கொக்கோ உள்ள கறுப்புச் சாக்லேட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணைப்படி அதன் 100 கிராமில் இரும்பு 11.9 மி.கி., காஃபீன் 80 மி.கி., தியோப்ரோமின் ஏறத்தாழ 800 மி.கி., சர்க்கரை 24 கிராம், கொழுப்பு 43 கிராம், ஆற்றல் ஏறத்தாழ 600 கலோரி. இரும்பின் அளவைக் கண்டு முதலில் நானும் வியந்தேன். 'சாக்லேட்டில் இரும்பு' என்று கைப்பேசியில் ஓடும் காணொளிகள் எல்லாம் இந்த ஒரு எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எண் பொய்யன்று.

ஆனால் யாரும் 100 கிராம் தின்பதில்லை, தின்னவும் கூடாது. ஒரு நாளைக்கு 30 கிராம் என்றால் இரும்பு மூன்றரை மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு வேண்டியது 27 மி.கி. அரசு தரும் ஒரு மாத்திரையில் இருப்பது 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். அந்த 60 மி.கி. இரும்பைச் சாக்லேட்டிலிருந்தே பெறுவதென்றால் அரைக் கிலோ தின்ன வேண்டும். 3000 கலோரியும் 120 கிராம் சர்க்கரையும் கூடவே உள்ளே போகும். அக்காவுக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். "அரைக் கிலோவா? உங்க மாமா சம்பளம் தாங்காது" என்றாள். சிரித்தாளே தவிர, மாத்திரையை எடுக்கவில்லை.

கடுக்காய் மையும் கறுப்புச் சாக்லேட்டும்

கணக்கின் இரண்டாம் பாதிதான் முக்கியமானது. உணவிலுள்ள இரும்பு வேறு, உடலில் ஏறும் இரும்பு வேறு. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் இரும்பு, ஹீம் என்ற கூட்டுக்குள் பாதுகாப்பாக அமர்ந்து குடலுக்குள் போய்விடும். கீரை, பயறு, தானியம், கொக்கோ ஆகியவற்றின் இரும்புக்கும் மாத்திரையின் இரும்புக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. வழியில் எது கிடைத்தாலும் அதனோடு பிணைந்துகொள்ளும். அப்படிப் பிணைத்துக்கொள்வதில் வல்லவை பாலிஃபினால்கள் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள். தேநீருக்குத் துவர்ப்பைத் தருபவையும் கொக்கோவுக்குத் துவர்ப்பைத் தருபவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. சாக்லேட் எவ்வளவு கறுப்போ, பொதுவாக அவ்வளவு பாலிஃபினால். இதயத்துக்கு நல்லது என்று விளம்பரம் செய்யப்படுவதும் இரும்பைப் பிடித்துக்கொள்வதும் ஒரே பொருள்தான்.

இந்தப் பிணைப்பு நம் முன்னோருக்குப் புதியதன்று. கடுக்காயை இடித்து ஊறவைத்து, அதில் அன்னபேதியைச் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்கள். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து கறுப்பாவதே அந்த மை. அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்ஃபேட். சித்த மருத்துவத்தில் சோகைக்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரத்தின் மூலப்பொருளும் அதுவே. சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் ஃபெரஸ் சல்ஃபேட்தான். ஆக, இரும்பு மாத்திரையை விழுங்கிவிட்டு மேலே தேநீரைக் குடிப்பவர், வயிற்றுக்குள் மை காய்ச்சத் தொடங்குகிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

மிகையா இல்லையா என்று பார்த்துவிட, எங்கள் பேராசிரியரின் அனுமதியோடு ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு சோதனை செய்தேன். தேயிலையையும் சர்க்கரை சேராத கொக்கோத் தூளையும் தனித்தனியே கொதிக்க வைத்து வடிகட்டி, நிறம் வெளிறும்வரை நீர் சேர்த்தேன். இரண்டிலும் ஃபெரிக் குளோரைடுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தேநீர் கருநீலமாயிற்று. கொக்கோ கரும்பச்சையாயிற்று. ஃபினாலுக்கு முதலாண்டிலேயே நாம் செய்யும் சோதனைதான் இது; புதுமை ஒன்றுமில்லை. பிறகு ஓர் இரும்பு மாத்திரையின் மேற்பூச்சைச் சுரண்டி எடுத்துப் பொடி செய்து நீரில் கரைத்து, அதில் தேநீர் வடிநீரை ஊற்றினேன். உடனே பெரிய மாற்றமில்லை. குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்துத் திரும்பியபோது கறுத்துக்கொண்டு வந்தது. மாத்திரையிலிருக்கும் ஃபெரஸ் இரும்பு, காற்றுப் பட்டு ஃபெரிக்காக மாற மாற மை ஊறுகிறது. கடுக்காய் மையும் எழுதும்போது வெளிறியிருந்து பிறகே கறுக்கும் என்பார்கள்.

வயிறு சோதனைக் குழாய் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வயிற்றிலுள்ள அமிலத்தில் இந்தப் பிணைப்பு அவ்வளவாக உண்டாகாது. அமிலம் குறையும் சிறுகுடலில்தான் உண்டாகும். ஆனால் இரும்பு உறிஞ்சப்படுவதும் அந்த இடத்தில்தானே! மனிதரிடத்திலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1999-இல் ஹரெல் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ரொட்டி உணவோடு வெவ்வேறு பானங்களைக் கொடுத்து இரும்பு எவ்வளவு உடலில் ஏறுகிறது என்று கணக்கிட்டார்கள். கறுப்புத் தேநீர் குடித்தபோது 79 முதல் 94 விழுக்காடு வரை குறைந்தது. கொக்கோ குடித்தபோது 71 விழுக்காடு குறைந்தது. மாத்திரையை விட்டுச் சாக்லேட்டைப் பிடித்தவருக்கு இரும்பு வந்து சேராது என்பது ஒருபுறம். மாத்திரையையும் தின்று, அதன் கசப்புப் போகச் சாக்லேட்டையும் உடனே தின்றவருக்கு மாத்திரையின் இரும்பிலும் ஒரு பங்கு வீணாகும் என்பது மறுபுறம். இரண்டாவது வகையினர்தான் அதிகம் என்று நான் நினைக்கிறேன். கசப்பு மாத்திரைக்கு மேல் ஒரு துண்டு இனிப்பு என்பது குழந்தைப் பருவத்திலிருந்து நமக்குப் பழகிய முறையல்லவா?

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்? 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்குச் சோகை உண்டு. தமிழ்நாட்டிலும் ஏறத்தாழப் பாதிப் பேர். கருவுற்ற உடலில் இரத்தத்தின் அளவு நாற்பது, ஐம்பது விழுக்காடு வரை பெருகுகிறது; குழந்தையும் நஞ்சும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் கூடுதலாக வேண்டியது ஏறத்தாழ ஒரு கிராம் இரும்பு. சோகையோடு பிரசவத்துக்குப் போகும் தாய்க்கு, மற்றவர் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கே உயிர் ஆபத்தாகலாம். குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். பிறந்த குழந்தை முதல் ஆறு மாதம் வாழ்வது பெரும்பாலும் தாய் வயிற்றில் சேர்த்துவைத்த இரும்பைக் கொண்டுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 2018 முதல் வழங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய் ஆகியவற்றோடு இரும்புச்சத்து டானிக்கும் வைத்தார்கள் என்றால் அதற்கு இதுவே காரணம்.

மேலைநாட்டு ஆய்வுகள் சொல்வது

சாக்லேட்டின் பக்கத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று. கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கண்டு, தாயையும் சேயையும் ஆபத்தில் தள்ளும் பிரீ-எக்லாம்சியா என்ற நோய்க்குச் சாக்லேட் நல்லது என்ற பேச்சு 2008-இல் கிளம்பியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை ஆராய்ந்தபோது, தொப்புள்கொடி இரத்தத்தில் தியோப்ரோமின் மிகுதியாக இருந்தவர்களிடம் இந்நோய் குறைவாக இருந்தது. செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. ஆனால் சாக்லேட் தின்றதால் நோய் வரவில்லையா, அல்லது நோய்க்கூறு இல்லாமல் நலமாக இருந்தவர்கள் சாக்லேட் தின்றார்களா என்பதை இத்தகைய ஆய்வு பிரித்துச் சொல்லாது.

பிரித்துப் பார்க்க முனைந்தது கனடாவின் கியூபெக்கில் நடந்த சோதனை. கருப்பை இரத்தக் குழாயின் ஓட்டத்தில் குறை கண்ட 129 கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 30 கிராம் சாக்லேட் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஃபிளாவனால் மிகுந்தது, மீதிப் பேருக்கு ஃபிளாவனால் குறைந்தது. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. 2016-இல் முடிவு வெளிவந்தது. நோயிலும் குழந்தை எடையிலும் இரு பிரிவினரிடையே வேறுபாடில்லை. இரத்த ஓட்டம் இரு பிரிவிலும் சீரடைந்திருந்தது. ஆகா, எந்தச் சாக்லேட்டும் நல்லது என்று சிலர் எழுதினார்கள். ஆனால் சாக்லேட்டே தின்னாத மூன்றாவது பிரிவு ஒன்று அந்தச் சோதனையில் இல்லை. மாதம் ஏற ஏற அந்த இரத்த ஓட்டம் இயல்பாகவே சீரடைவது உண்டு. ஒப்பிட ஆளில்லாத ஓட்டப் பந்தயத்தில் யாருக்குப் பரிசு கொடுப்பது?

ஃபின்லாந்தில் 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் உண்டு. கர்ப்பத்தில் நாள்தோறும் சாக்லேட் தின்ற தாய்மார், ஆறு மாதக் குழந்தையைச் சிரித்த முகம் என்று அதிகமாக மதிப்பிட்டார்களாம். மதிப்பெண் போட்டவர் பெற்ற தாயே என்பதால் அதை அங்கேயே விட்டுவிடுகிறேன்.

எச்சரிக்கையின் பக்கமும் ஆய்வுகள் உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்து இதய மருத்துவர்கள், கடைசி மூன்று மாதங்களில் பாலிஃபினால் மிகுந்த உணவை அளவுக்கு மீறி உண்ட தாய்மாரின் கருவில், இதயத்தருகே உள்ள ஓர் இரத்தக் குழாய் சற்றுச் சுருங்குவதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். உணவைக் குறைத்ததும் அது சீராயிற்று. காஃபீன் வேறு இருக்கிறது. சாதாரணமாக நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும் காஃபீன், நிறைமாதப் பெண்ணின் உடலில் பதினைந்து மணி நேரம்வரை தங்கும். நஞ்சைத் தாண்டிக் கருவுக்கும் போகும். நாளுக்கு 200 மி.கி. என்ற வரம்பைப் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் வைத்திருக்கின்றன. முப்பது கிராம் சாக்லேட்டில் 24 மி.கி.தான். அது மட்டும் என்றால் கவலையில்லை. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு டம்ளர் பில்டர் காப்பியே 200-ஐத் தொட்டுவிடும் நம் வீடுகளில், அதற்கு மேல் இந்த 24 வந்து சேர்கிறது என்பதுதான் கணக்கு.

உலோகங்களைப் பற்றி ஒரு சொல். 2022 டிசம்பரில் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' 28 கறுப்புச் சாக்லேட்டுகளைச் சோதித்தது. எல்லாவற்றிலும் காட்மியமும் ஈயமும் இருந்தன. காட்மியம் மண்ணிலிருந்து வேர் வழியே விதைக்குள் ஏறுவது; ஈயம் பெரும்பாலும் விதையைத் திறந்தவெளியில் உலர்த்தும்போது தூசியாக வந்து ஒட்டுவது. கொக்கோ கூடக் கூட உலோகமும் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், பாதிக்கு மேல் கொக்கோ உள்ள சாக்லேட்டில் கிலோவுக்கு 0.8 மி.கி. காட்மியத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. ஒரு துண்டுக்காக அஞ்ச வேண்டியதில்லை. கரு வளரும் ஒன்பது மாதமும் நாள்தோறும் ஒரே கட்டியைத் தின்பதுதான் வேண்டாத வேலை.

இனிப்புக் கூடிய பால் சாக்லேட்டுக்குப் போனால் கொக்கோ குறையும், சர்க்கரை ஏறும். 2007-இலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனை கட்டாயம் என்று ஆணையிட்ட மாநிலம் தமிழ்நாடு. அந்தச் சோதனையில் அளவு கூடியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சாக்லேட்டையும் தொடக் கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் 'காம்பவுண்டு' வகையோ, கொக்கோக் கொழுப்புக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்துச் செய்தது. அதைச் சாக்லேட் என்று எண்ணி வாங்குபவர்கள் மேலுறையைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

எப்போது என்பதே கேள்வி

இவ்வளவையும் படித்த பின் அக்காவிடம் சாக்லேட்டை விடு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் விட்டிருக்க மாட்டாள். அவள் கேட்ட கேள்விக்கு அது விடையும் அன்று. எதைத் தின்பது என்பதைவிட எப்போது தின்பது என்பதில்தான் காரியம் இருக்கிறது. சோதனைக்குப் போன இடத்தில் செவிலியர் அக்காவைக் கேட்டுக் கேட்டு ஓர் ஒழுங்கை வகுத்துக் கொடுத்தார். குமட்டல் காலையில்தான் அதிகம் என்பதால் இரும்பு மாத்திரை இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகுமுன். தண்ணீரோடு அல்லது எலுமிச்சைச் சாற்றோடு. எலுமிச்சையிலும் நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி, இரும்பை ஃபெரஸ் நிலையிலேயே வைத்திருந்து பாலிஃபினாலின் பிடியிலிருந்து ஓரளவு காப்பாற்றும். சுண்ணாம்புச் சத்து மாத்திரை இதனோடு சேரக் கூடாது; அதுவும் இரும்புக்குப் போட்டி. அதைப் பகல் சாப்பாட்டோடு வைத்தார். மலம் கறுத்துப் போவது, உடலில் ஏறாமல் மிஞ்சிய இரும்பு வெளியேறுவதால். பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அக்காவுக்கு உயிர் வந்தது. மாதக்கணக்கில் அவள் மாத்திரையைத் தொடாததற்கு முதல் காரணம் அந்தப் பயம் என்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. கசப்பெல்லாம் அடுத்ததுதான்.

சாக்லேட்டுக்கு மாலை நான்கு மணி ஒதுக்கப்பட்டது. பகல் சாப்பாட்டுக்கும் இரவு மாத்திரைக்கும் நடுவே அது யாருக்கும் தொல்லை தராத நேரம். அளவு இரண்டு துண்டு, அதாவது 20 கிராமுக்குள். அன்று மாலைக் காப்பி கிடையாது. ஆயாவுக்கு இந்த ஏற்பாடு வியப்பாக இருந்தது. "புளி தின்ன நாங்க மணி பார்த்தா தின்னோம்?" என்றார். புளிக்கு மணி பார்க்க வேண்டியதில்லை என்பது உண்மை. புளிப்பு இரும்புக்குப் பகையன்று. ஆயாவின் காலத்து வேட்கைகளில் மண்ணையும் சாம்பலையும் தள்ளிவிட்டால், மாங்காயும் நெல்லியும் நாரத்தையும் இரும்புக்கு உதவி செய்பவையே. அந்தப் புளிப்பின் இடத்தில் துவர்ப்பைக் கொண்டு வந்து வைத்ததுதான் நம் காலத்து மாற்றம்.

எட்டாம் மாதம் முடியும்போது ஹீமோகுளோபின் 10.5 என்று எழுதி வந்தது. பதினொன்றை எட்டவில்லை. மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதம் தொடர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இது கர்ப்பிணிகளின் செய்திதானே, நமக்கென்ன என்று இதுவரை படித்து வந்த தோழியர் கேட்கலாம். அதே குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் எல்லோரிலும் 53 விழுக்காட்டினருக்குச் சோகை என்று சொல்கிறது. அந்தக் கணக்கில் நாம் இருக்கிறோம். என் அக்காவின் சோகையும் கருவுற்ற பிறகு புதிதாக வந்ததன்று. கல்லூரியில் படித்த நாளிலேயே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பாள். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர், காப்பி வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகளில் எழுதியிருக்கிறது. நெய்வேலியிலிருந்து பேருந்தில் வரும் நாங்கள் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறோம். பன்னிரண்டே முக்காலுக்குக் கையில் தேநீர்க் குவளை வந்துவிடுகிறது. இரண்டாம் பருவத்தில் எங்கள் வகுப்பில் ஆறு பேர் அந்தத் தேநீரைக் கடைசி வகுப்பு முடிந்த பிறகு குடிப்பது என்று மாற்றிக்கொண்டோம். பேருந்து நான்கு இருபதுக்குத்தான், நேரம் இருக்கிறது.